காது கேட்காது என்று ஒரு சர்டிபிகேட்

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு,

மாமனார் ஆதிமூலம் சொல்லச் சொல்ல டீக்கடை சின்னக்கண்ணு எழுதும் கடிதம். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மனசுக்குத்தான் யாரும் சுகமில்லை. நீங்களும் என் மகள் மணிமொழியும் குழந்தைகளும் இரண்டுக்கும் சுகமாக இருக்க வேண்டும். ஊரெல்லாம் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசுவதெல்லாம் எங்கேயோ பதிவாகிறது என்று சின்னக்கண்ணு சொல்கிறான். இது பதிவாகக் கூடாத விஷயம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கள்ளக்குறிச்சியில் கல்வி ஆபீசில் இருப்பதால் பாதிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். இந்த வருஷம் முதல் பழைய பரீட்சை கிடையாதாம். முன்பெல்லாம் நம்ம டீச்சரே கேள்வி போடுவார், அவரே திருத்துவார், ரேங்க் அட்டை வரும், நான் கைநாட்டு வைப்பேன், பிள்ளையை முதுகில் தட்டுவதா தலையில் தட்டுவதா என்று அட்டையைப் படித்தவர்கள் சொல்வார்கள், கதை முடிந்தது. இப்போது மாவட்டம் முழுக்க ஒரே பரீட்சை, வெளியூர் ஆள் வந்துதான் வைப்பார், மார்க் கிடையாது, கீழ்நிலை நடுநிலை மேல்நிலை என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். இசைவாணி டீச்சர் இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, "மார்க் இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கும்மா பரீட்சை?" என்று நான்தான் எழுந்து கேட்டேன். "பிள்ளைக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சிக்கத்தான் தாத்தா" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் இவ்வளவும் நடந்தது.

பரீட்சை நடக்கும் அறையில் ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக உட்கார வேண்டுமாம். யாரை உட்கார வைப்பது என்று ஒரே சத்தம். படித்தவர்களைப் போட்டால் கேள்வியை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், போன் வைத்திருப்பவர்களைப் போட்டால் படம் பிடித்துவிடுவார்கள் என்றார்கள். அப்போது இதோ இந்தச் சின்னக்கண்ணு எழுந்து, "ஆதிமூலத்தப் போடுங்க. எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது, போனும் கிடையாது. செவுத்துக்கு ஒரு நாற்காலி போட்ட மாதிரி" என்றான். ஊரே கை தட்டியது. இதை எழுதும்போது அவன் தலையைச் சொறிகிறான். சொறியட்டும்.

மாப்பிள்ளை, எனக்கு எழுத்து வராதே தவிர காதில் விழுந்தது போகாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்தபோது உங்கள் சித்தப்பா சொன்ன வார்த்தை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இப்போது அதைச் சொல்லவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பரீட்சையன்று ஒரு சின்ன வயசுப் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். நம்ம பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதானாம். அன்று நம்ம ஊர், ஒரு நாள் விட்டு ஆற்றுக்கு அக்கரை ஊர், அதற்கப்புறம் மலை ஏறிக் கரியாலூர் பக்கம். என் சட்டைப்பையைப் பார்த்தாள், வெற்றிலைப் பையை உதறிப் பார்த்தாள், மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஒரு எறும்புக் கதையை வாசித்துக் காட்டினாள், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பது மாதிரி இதமாகக் கேள்வி கேட்டாள், பிள்ளை சொன்னதைக் கையிலிருந்த டேப்லட்டில் தட்டிக்கொண்டாள். வந்த பிள்ளைக்கெல்லாம் அதே கதை, அதே கேள்வி. அந்த அறையில் இருந்த பல்லிக்குக்கூட அன்று மத்தியானம் கதை பாடமாகியிருக்கும். எனக்கு ஆகாதா?

இதில் நம்ம ஜெயசுதா விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மச்சான் ஜீவா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து அவன் மகள் எங்களிடம்தான் இருக்கிறது. வெளி மனுஷரைக் கண்டால் வாயே திறக்காது. பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் உள்ளேன் டீச்சர் என்றுகூடச் சொன்னதில்லை. இசைவாணி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சி, விளையாட்டுக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைத்தார். அந்தப் பிள்ளையை முன்பின் தெரியாத பெண் கூப்பிட்டுக் கதையைச் சொல்லி, கடைசியாக, "மழைக்குப் பயந்து எறும்பெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று கேட்டாள். இது வாய் திறந்து, சத்தமாக, "எங்க தாத்தா வூட்டு சக்கர டப்பாவுக்கு" என்றது. மாப்பிள்ளை, நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

இதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? நேராக டீக்கடைக்கு வந்தேன், சொன்னேன். சக்கர டப்பாவை மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காதே என்று கதையையும் சொன்னேன். கதை சொன்ன பிறகு மற்றக் கேள்விகளை விடுவானேன் என்று அதையும் சொன்னேன். மார்க் இல்லை, தாள் இல்லை, பேனா இல்லை, இது பரீட்சை என்றே எனக்கு நினைப்பு வரவில்லை. சின்னக்கண்ணு மட்டும், "மாமா, இன்னொரு வாட்டி சொல்லு" என்று இரண்டாவது டீ போட்டுக் கொடுத்தான். அவன் மகன் அஜித் படிப்பது அக்கரைப் பள்ளியில் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. எல்லாம் நினைவில் நிற்கிற எனக்கு அது மட்டும் நிற்கவில்லை பாருங்கள்.

அக்கரையில் நடந்ததை அஜித்தே வந்து சொன்னான். அந்தப் பெண் கதையைத் தொடங்கினாளாம், பிள்ளை முடித்து வைத்ததாம். ஒவ்வொரு பிள்ளையும் அப்படியே. கடைசியில், எறும்பு எங்கே போயிருக்கும் என்று கேட்டால், வந்த பிள்ளையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, "ஆதிமூலம் தாத்தா வூட்டு சக்கர டப்பாவுக்கு" என்றதாம். பெயரோடு, மாப்பிள்ளை! விளங்கட்டும் என்று சின்னக்கண்ணுதான் பெயரைச் சேர்த்து மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், மகன் பள்ளிக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது போதாதென்று மரவள்ளி ஏற்றப் போன வண்டிக்காரர்கள் வழியாகக் கதை அவளுக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. மேலே ஒரு பள்ளியில் அவள் ஸ்கூட்டியை நிறுத்தியதும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று ஒன்றாகக் கதையை ஒப்பித்தார்களாம். அவள் அழுதுவிட்டாளாம். அக்கரைக்கும் மலைக்கும் மேல்நிலை, முதலில் பரீட்சை நடந்ததால் நம்ம ஊருக்கு நடுநிலை. அந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இசைவாணி டீச்சருக்கு மெமோ வந்துவிட்டது. கேள்விக் கட்டு பரீட்சைக்கு முதல் நாள் அவர் பொறுப்பில்தான் இருந்ததாம், கைநாட்டுக் கிழவனுக்கு முழுக்கதை எங்கே நிற்கும், அவர்தான் வெளியே விட்டார் என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை உங்கள் ஆபீசில் விசாரணை. சஸ்பெண்டு ஆகலாம் என்று பேச்சு. அவர் போய்விட்டால் நம்ம பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் இப்போது பள்ளிக்கூடத்து வழியை விட்டுக் கரும்புக் கொல்லை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

போய் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கேள்வித்தாளை வெளியே விட்டவர்களைப் பிடித்துப் போகிற செய்தியைச் சின்னக்கண்ணு பேப்பரில் வாசித்துக் காட்டினான். முகத்தில் துண்டைப் போட்டு வேனில் ஏற்றுகிறார்களாம். இந்த வயசில் அந்த வேனில் என்னால் கால் தூக்கி ஏறவும் முடியாது. அதனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆதிமூலத்துக்குக் காது கேட்காது என்று உங்களுக்குத் தெரிந்த காது டாக்டர் யாரிடமாவது ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுங்கள். காது கேட்காதவன் எதைக் கேட்டான், எதைச் சொன்னான்? கேஸ் அப்படியே நின்றுவிடும். டீச்சருக்கும் நல்லது. எப்படி நல்லது என்று சின்னக்கண்ணு கேட்கிறான். அதை அப்புறம் யோசிக்கலாம், நீ எழுது என்கிறேன்.

வீட்டில் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மாமியார் குஞ்சம்மாள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள். காலையில் அவள் சோறு வேணுமா என்றபோது நான் கூரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, வேணாம் போல" என்று பானையை மூடிவிட்டாள். "ஏ, போடுடி!" என்று நான் கத்த வேண்டியதாகிவிட்டது. சாயந்திரம் கொல்லையிலிருந்து, "யோவ், ஆடு அவுத்துக்கினு போவுதுய்யா!" என்றாள். எழுந்து ஓடிவிட்டேன். ஆடு கட்டின இடத்திலேயே படுத்திருந்தது. "செவிடு நல்லா ஓடுது" என்று சிரிக்கிறாள். எனவே பழக்கத்தை நம்ப முடியாது, சர்டிபிகேட்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. யாருக்கும் தெரிய வேண்டாம், மணிமொழிக்கும் சொல்ல வேண்டாம், அவளுக்கு அவள் ஆயா வாய்.

பேரப்பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நல்ல நிலையில் இருக்கட்டும், எந்த நிலை என்று யாரும் வந்து தட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். சித்தப்பாவுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ஆதிமூலம் (கைநாட்டு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதச் சொல்கிறேன், மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நேற்று இந்தக் கடிதத்தை எழுதி முடித்து, ஒட்டி, தபாலுக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், குஞ்சம்மாள் வாசலிலேயே, "இன்னாய்யா, செவிடாவப் போறியாமே? எனக்கு என் ஆயா வாய்னு வேற எழுதினியாமே?" என்றாள். நான் எழுதச் சொன்னது மணிமொழியைப் பற்றி. வந்து சேர்ந்தது இவளைப் பற்றி. நான் சொல்லச் சொல்லச் சின்னக்கண்ணு ஒவ்வொரு வரியையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லித்தான் எழுதினான். கடையில் பெஞ்சு நிறைய ஆள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சாயந்திரம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல, "தாத்தா, ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றார்கள். "கேளும்மா" என்றேன், திரும்பாமலே. திரும்பினால் இசைவாணி டீச்சர். சர்டிபிகேட் அங்கேயே முடிந்தது. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஜெயசுதா தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "திங்கக்கிழமை என்கூட வந்து, நீங்க கேட்ட கதைய அங்க அப்படியே சொல்லுவீங்களா தாத்தா? காதால கேட்டே ஒருத்தர் மனசுல வெச்சிப்பார்னு அவங்களே பார்த்தாத்தான் நம்புவாங்க" என்றார். வேனாவது ஒன்றாவது. "இது ஒரு பெரிய வேலையாம்மா? வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை, கருத்த மேகம் வந்ததற்கும் எறும்புகள் வரிசையாகப் போனதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. அது போய்விட்டது. எனக்கு! இன்று முழுக்கத் தேடுகிறேன், வரவில்லை, சோறு இறங்கவில்லை, வயிறு கலக்குகிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஏன் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகின்றன என்று இத்தனை வயசுக்கு மேல் எனக்குத் தெரிந்தது. அஜித்தைக் கேட்டால் எறும்புகள் டவுன் பஸ்ஸில் ஏறின என்கிறான். மலையிலிருந்து வந்த ஒரு பிள்ளையைக் கேட்டால் அங்கே மரவள்ளிக் கிழங்கு வந்துவிட்டது. நான் அனுப்பிய கதை திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஜெயசுதாவுக்குத் தன் பதில் ஒன்றுதான் நினைவிருக்கிறது, அதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அசல் கேள்வித்தாள் உங்கள் ஆபீஸ் பீரோவில்தான் இருக்கும் என்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் ஒரு தரம் திறந்து பார்த்து, அந்த ஒரு வரியை மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். முழுத்தாளும் வேண்டாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.