மாதா சப்பரத்துக்கு ஒரு கேன் கறுப்புப் பாகு

மரியே துணை

ஆவடி குவார்ட்டர்ஸ்
30-8-1989

மதிப்புக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய பெரிய மச்சான் ஜேசுராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஞானசௌந்தரியைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருசமாக உயிரோடிருக்கும் ராயப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லாரும் சௌக்கியம், ரோசாச்செடிகளைத் தவிர. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். நீங்கள் மட்டும் இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தால் போதும்.

நம்ம பொண்ணு குமாரிக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தால் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா சப்பரத்துக்கு எங்கள் வீட்டு ரோசாவிலேயே மாலை என்று உங்கள் தங்கை வேண்டிக்கொண்டதும், அந்த மாலை ஏறும்வரை வீட்டில் மீன் கிடையாது என்று என்னைக் கேட்காமல் என் நாக்குக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். இடம் கிடைத்துவிட்டது, பூதான் கிடைக்கவில்லை. ஒன்பது செடி, பேருக்கு ஒரு மொட்டு இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மகராசன் நீங்கள், சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற கறுப்புப் பாகை ஒரு கேன் கொடுத்தனுப்பினீர்கள். மண்ணுக்கு நல்லது, பூ குலுங்கும், ஒரு மூடி பாகுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் என்று சீட்டும் வைத்திருந்தீர்கள். நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேட்டதுதான் தாமதம், உங்கள் தங்கை எகிறினாள்.

"இன்னாய்யா இது, பால்காரன் வேலை? மாதாவுக்குன்னு வேண்டிக்கினதுல தண்ணி கலப்பாங்களா? எங்கண்ணன் சிக்கனம் புடிக்கிறாரு. நீ கரண்டிய எடு."

எடுத்தேன். குழம்புக் கரண்டியால் செடிக்கு நாலு கரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல், பக்தியோடு ஊற்றினேன். மறுநாள் விடிந்தால் பட்டாபிராம் வரைக்கும் இருக்கிற எறும்பெல்லாம் முதல் ரயிலைப் பிடித்து வந்து இறங்கிவிட்டது. மண்ணு தார் ரோடு மாதிரி இறுகிப்போச்சு, இலை சுருண்டுபோச்சு. "இப்பவாவது தண்ணி கலக்கலாமாம்மா?" என்றேன். "அது கலந்தாலும் கலக்கலாம்" என்று பாதி வாயால் சொன்னாள். மிச்சப் பாகில் தண்ணீரைக் கலந்து, எறும்பு ஏறக்கூடாதென்று மூடியை முழுப் பலத்தோடு திருகி, சுவரோரம் வெயிலில் வைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய புத்திசாலித்தனம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெபமாலையில் நாலாம் பத்து போய்க்கொண்டிருக்கும்போது டமார் என்று ஒரு சத்தம், மூடி பறந்துபோய் பக்கத்து வீட்டு எத்திராஜ் காயப்போட்ட வேட்டியில் உட்கார்ந்தது, கேன் நுரை கக்குது, குவார்ட்டர்ஸ் முழுக்கக் கள்ளு வாசனை. வாட்ச்மேன் லட்சுமணன் மோந்துகொண்டே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, உள்ள காய்ச்சிகினு கீறியா?"

"செடிக்கு ஊத்துறதுபா."

"செடி குடுத்து வச்சது. எனுக்கு ஒரு கிளாஸ் குடு, செடிக்குதானான்னு பாத்துட்றேன்."

உங்கள் தங்கை ஜெபமாலையும் கையுமாக வந்து பார்த்த பார்வையில் அவர் கழன்றுகொண்டார். எத்திராஜ் விடவில்லை. "குடும்பம் இருக்கிற எடம்பா இது!" என்று கத்தி, வேலி நெடுகத் தகரம் அடித்து மறைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கேனை அப்படியே வேலியோர வாய்க்காலில் கவிழ்த்தேன். அன்றைக்கே மழை கொட்டி எல்லாத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆச்சு, ஒரு மாசம். திருநாளுக்கு ஒன்பதே நாள். செடி ஒன்பதும் தொடப்பக்குச்சியாக நிற்குது. அவள் மணிக்கொரு தரம் போய்க் கிளையைத் தடவிப் பார்க்கிறாள், வருகிறாள், உட்காருகிறாள், மறுபடி போகிறாள். அவள் பின்னாலேயே நானும் நடந்து செருப்புத் தேய்ந்துவிட்டது. "பாரிஸ் கார்னர் பூக்கடையில வாங்கிப் போட்டுடலாமா?" என்று ஒரு தபா கேட்டேன். "மாதாகிட்டயே டூப்பு வுடச் சொல்றியா?" என்றவள் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. ஆகையால் மச்சான், இனி ஆலையிலிருந்து ஒரு துளிப் பாகும் இந்தப் பக்கம் வரக்கூடாது. திருநாளுக்கு வந்து உங்கள் தங்கைக்கு நீங்களே பதில் சொல்லி, காலிக் கேனையும் தூக்கிக்கொண்டு போகவும்.

அக்காவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு மாதா நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

இப்படிக்கு,
மீன் வாசனை மறந்த
ராயப்பன்

பின்குறிப்பு: கடிதம் ஐந்து நாளாகச் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அதனால் மேலே உள்ளதெல்லாம் ரத்து. இன்று காலை எத்திராஜ் தன் கையாலேயே ஒரு தகரத்தைப் பிடுங்கிவிட்டுத் தலையை நீட்டி, "அண்ணாத்தே, அந்த நாத்தம் புடிச்ச தண்ணி இன்னும் கொஞ்சம் கீதா?" என்றான். எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் போய் முடிகிற அவன் பாத்தியில் நாலு ரோசாச்செடி, இலை தெரியாமல் பூ! மாலைக்கு வேண்டியதைப் பறிச்சிக்கோ என்கிறான். பக்கத்து வீட்டுப் பூவென்றால் ஒத்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். உங்கள் தங்கை இடுப்பில் கை வைத்தாள். "பாகு எங்கண்ணன் குடுத்தது, ஊத்துனது நீ. செடி மட்டுந்தான் அவுரு ஊட்ல நிக்குது. அப்ப பூ யாருது?" என்றாள். "தண்ணி கலந்துடுச்சேம்மா?" என்றேன். "நாமளா கலந்தோம்? மழ தண்ணி. அது மாதாவே கலந்துகினது" என்று சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டாள். நீங்கள் வரும்போது இரண்டு கேன் கொண்டுவரவும், ஒன்று எத்திராஜுக்கு.