நண்டுப் பங்கில் கடைசியாக நுழைந்தவர்

வெளியே நிற்கும்வரை எல்லாம் பொது என்றும், உள்ளே கால் வைத்த மறுகணமே இடமில்லை என்றும் சொல்லும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கனடாவில் எங்கள் கேப் பிரெட்டன் தீவுக் கரையில் அந்த இனத்தின் திலகம் ஒனேசிம்.

காட் மீன் அற்றுப்போன பிறகு, சிங்கி இறால் பருவம் முடிந்தால் அவருடைய சின்னப் படகு சும்மா கிடக்கும். பனி நண்டு பிடிக்கும் உரிமையோ முழுக்கப் பெரிய படகுக்காரர்கள் கையில். ஒதுக்கீடு பேசும் கூட்டம் எங்கு நடந்தாலும் ஒனேசிம் போவார். அதிகாரியின் காபி ஆறும்வரை பேசுவார். கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்பார். நண்டு குறைந்துவிடும் என்று பெரிய படகுக்காரர்கள் சொன்னால், நண்டு உங்களிடம் வந்து அழுததா என்று மடக்குவார். பக்கத்தில் நின்று கைதட்டியவள் டெலீமா, அடுத்த படகுத்துறைக்காரி. சின்னப் படகுகளைத் திரட்ட இருவரும் ஒரே வண்டியில் கரை முழுக்க அலைந்தார்கள்.

அரசு இறங்கி வந்தது. முதலில் சின்னப் படகுகளுக்குத் தற்காலிகப் பங்கு. அந்தப் பருவங்களில் டெலீமாவின் கணவர் ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவள் படகு கடலுக்குப் போகவில்லை. பிறகு பங்கு நிரந்தரமாயிற்று. யாருக்கெல்லாம் என்பதைச் சின்னப் படகுச் சங்கமே முடிவு செய்யலாம் என்றார்கள். சங்கத் தலைவர் யார்? வேறு யார்!

கூட்டத்தில் டெலீமா எழுந்து தனக்கும் பங்கு கேட்டாள். ஒனேசிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நண்டு நுட்பமான உயிர் என்றார். விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள் என்றார். ஆளாளுக்குப் பிய்த்தால் ஒருவருக்கும் மிஞ்சாது என்றார்.

"நண்டு பிடிச்ச வரலாறு வேணும் டெலீமா. உனக்கு அது இல்லையே."

"உனக்கு எப்பய்யா வந்துச்சு?"

"அது வேற விஷயம்."

வாக்கெடுப்பு நடந்தது. மறுப்புக் கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. தலைவர் கை தயங்கவில்லை. டெலீமா தோற்றாள், படகை விற்றாள், அடுத்த வசந்தத்தில் நண்டு ஆலையில் கால் முறிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒனேசிம் கொண்டுவந்து இறக்கும் நண்டுகளின் கால்களைத்தான்.

இப்போது அவர் பெரிய படகுக்காரர்களோடு உட்கார்ந்து மீன் சூப் குடிக்கிறார். ஆலை வாசலில் டெலீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாளாம். பழகிய பழக்கம் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா என்று அவருக்கு மெய்யாகவே வருத்தம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் சங்கத்திலோ அலுவலகத்திலோ குடியிருப்பிலோ, 'இனிமேல் யாரையும் சேர்க்கக் கூடாது' என்ற ஞானம் உங்களுக்கு உதித்தது, நீங்கள் சேர்வதற்கு முன்பா, பின்பா?