மான்களுக்கு நான் பூட்டிய ஷவர்

எதையும் நாலு தடவை சோதித்துப் பார்த்த பிறகே பாவிக்கிற ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சோதனையில் வென்றதும், இனித் தோற்க வழியே இல்லை என்று நம்பிவிடுவார்கள். தண்ணீர்ப் பம்புகளுக்குச் சென்சர் பூட்டுவது என் தொழில் என்பதால், அந்த வியாதி எனக்கு முற்றிய நிலையில் இருந்தது.

கலியாணம் முடித்து நான் குடிவந்த வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடு மாமாவின், அதாவது என் கணவரின் அப்பாவின், பெயரில். மாமாவும் மாமியும் இருப்பது மூதூரில். வீட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன வளவைப் பார்த்தால் மாமாவுக்கு ஒரே ஆசைதான்: முழுக்கச் சீமெந்து போட வேண்டும். எனக்கும் ஒரே ஆசைதான்: மரக்கறி நட வேண்டும்.

"பிள்ளை, இது உப்புக்காத்து அடிக்கிற நிலம். கச்சான் காத்தும் தொடங்கினா புல்லுக்கூட மிஞ்சாது," என்றார் மாமா.

"மிஞ்சும் மாமா."

"அப்ப ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாறம். இந்த வளவில காய்ச்சதை மட்டும் வைச்சு ஒரு சாப்பாடு தாங்கோ. தந்தா நான் சீமெந்துக் கதையே எடுக்கமாட்டன். ஏலாட்டி, அடுத்த நாள் மேசன் வருவான்."

அரிசி, தேங்காய், வெங்காயம் கடையில் வாங்கலாம் என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஏற்றுக்கொண்டார். (வெள்ளிக்கிழமை என்றதில் இருந்த தந்திரம் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. நல்ல மீன்குழம்பொன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.)

எதிரிகளை வரிசைப்படுத்தினேன்: வெயில், உப்பு, கச்சான், மான். வெயிலுக்கு வைக்கோல் மூடாக்கு. உப்புக்கு உரம் கலந்த புது மண். கச்சானுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு. வைகாசி முடிவதற்குள் பயற்றங்காய், வெண்டி, கத்தரி, பசளிக் கீரை எல்லாம் செழித்து நின்றன. பந்தலில் பாவற்காயும் தொங்கியது.

மிஞ்சியது மான். எங்கள் ஊர் மான்கள் ஆளைக் கண்டு ஓடுகிறவை அல்ல. பஸ் நிலையத்தில் படுத்து அசைபோடும். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்து, அடித்தவரை வளர்த்த விதத்தைப் பற்றி யோசிக்கும். அடித்துத் துரத்த யாருக்கும் மனம் வராது. ஆகவே நான் ஒரு கருவி செய்தேன். வளவுக்குள் எது அசைந்தாலும் சென்சர் கண்டுபிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சும். காகத்தில் சோதித்தேன்; பறந்தது. பக்கத்து வீட்டுப் பூனையில் சோதித்தேன், ஓடியது. வேலைக்கு வெளிக்கிட்ட என் கணவர் கஜனில் சோதித்தேன். பூனையை விட வேகமாக ஓடினார். முழு வெற்றி என்று முடிவெடுத்தேன். மானில் மட்டும் சோதிக்கவில்லை.

மாமா வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. காலையில் மாமி தொலைபேசியில், "பஸ் ஏறப்போறம்," என்றார். மரக்கறி ஆய்வதற்குக் கூடையைத் தேடிக்கொண்டிருந்தேன். யன்னலடியில் நின்ற கஜன் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். ஆக்கள் வந்திட்டினம்."

"மாமாவையளோ? அதுக்குள்ளயோ?"

"இல்லை. வந்து குளிக்கினம்."

எட்டிப் பார்த்தேன். மதிலைத் தாண்டி வந்த புள்ளிமான் கூட்டமொன்று என் கருவிக்கு முன்னால் நின்றது. மாதக்கணக்காக மழையைக் காணாத உடம்புகளில் குளிர்ந்த தண்ணீர் படுகிறது. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு தலையை உதறும். அந்த அசைவுக்குச் சென்சர் கடமை தவறாமல் மறுபடியும் பீய்ச்சும். அது விலக, அடுத்தது வந்து நிற்கும். குளித்து முடித்தவை பசியாறின. கொம்புள்ள ஆண்மானொன்றின் வாயில் என் கடைசிப் பயற்றங்காய் தொங்கியது. எங்கள் ஊர் மான்களுக்கு நான் சாப்பாட்டு வசதியுடன் கூடிய ஒரு குளியலறை கட்டிக்கொடுத்திருந்தேன்!

கையைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடினேன். சென்சர் என்னையும் நனைத்தது. மான்கள் ஆறுதலாக மதிலைத் தாண்டிப் போயின.

கத்தரிக்கு இலையில்லை. வெண்டிக்கு நுனியில்லை. பசளி இருந்த இடமே தெரியவில்லை. பந்தலில் பாவற்காய் மட்டும் ஒன்று குறையாமல் தொங்கியது. கீழே கடித்துத் துப்பிய ஒரு பிஞ்சு கிடந்தது.

"அப்பா பாவக்காயைக் கையாலயும் தொடமாட்டார்," என்றார் கஜன். "சீமெந்துதான்."

ஈரத் தலையோடு நின்று நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் நினைத்துப் பார்த்தேன். வளவில் காய்த்தது. ஒரு சாப்பாடு. எந்தக் காய் என்றோ, மாமாவுக்குப் பிடிக்க வேண்டும் என்றோ அதில் இல்லை.

"ஏணியைக் கொண்டு வாங்கோ," என்றேன்.

மத்தியானம் மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைச் சுற்றிப் பாவற்காய்ப் பால்கறி, பாவற்காய்க் குழம்பு, மொறுமொறுவென்று பொரித்த பாவற்காய்ச் சம்பல். மாமா கோப்பையைப் பார்த்தார். மொட்டையாகிக் கிடந்த வளவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, மானே வேணாமெண்டு விட்டதைத்தானே எனக்குப் போட்டிருக்கிறீங்கள்!"

"வளவில காய்ச்சது மாமா."

"இது மரக்கறியோ? மருந்து!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமி இரண்டாம் தரம் சம்பலை அள்ளினார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசன் பாவக்காயை வீட்டுக்குள்ள விடேல்ல. எவ்வளவு ஆசையாய் இருந்தனான் தெரியுமோ? மருந்தெண்டாலும் இந்த வளவில காய்ச்ச மருந்துதானே. பிள்ளை பந்தயத்தில வெண்டிட்டுது. பேசாமச் சாப்பிடுங்கோ."

மாமா சாப்பிட்டார். பால்கறியைத் தண்ணீரோடு விழுங்கினார். சம்பலை மட்டும், ஒருவரும் பார்க்காத நேரத்தில், திரும்பவும் எடுத்தார். (நான் பார்த்தேன்.) மேசன் வரவேயில்லை. வளவு இன்றும் மண்ணாகவே இருக்கிறது. சென்சரைக் கழற்றிவிட்டு, மதிலுக்கு மேல் வலை கட்டியிருக்கிறேன்.

ஆனால் "மான் விட்டது" என்பது எங்கள் குடும்பத்தில் நிரந்தரமான பெயராகிவிட்டது. விருந்தில் மிஞ்சிய கறி, ஒருவரும் எடுக்காத சேலை, பஸ்ஸில் கடைசி ஆசனம் எல்லாம் மான் விட்டவைதான். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரப் பெண்ணொருத்தி, "மாமி, மாமாவை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?" என்று பகிடியாகக் கேட்டாள்.

மாமி பக்கத்துக் கதிரையில் இருந்த மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பிடிச்சனான்? மான் விட்டதைத்தான் எடுத்தனான்."