உன் பலமே கேக்கிறதுதான்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தான் வேண்டும், இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் சுகமாக இருக்க வேண்டாமா? இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

சலவைக்கூடத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்த என்னைத் திடீரென்று மேனேஜர் ஆக்கிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? பழைய மேனேஜர் கத்தியே வேலை வாங்கியவர். எனக்குக் கத்த வராதே, என்ன செய்வது என்று உன்னிடம் புலம்பினேன். நீ பெரிய பெரிய கம்பெனி ஆட்களுக்கே வகுப்பெடுக்கிறவள். "அண்ணா, அவரை மாதிரி இருக்கணும்னு பாக்காதே. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பலம் இருக்கு, அதை வச்சுத்தான் ஆளுங்களை நடத்தணும். உன் பலமே கேக்கிறதுதான். அதை மட்டும் விட்டுடாதே" என்றாய். உடனே "மீட்டிங் ஆரம்பிச்சிடுச்சு" என்று போனை வைத்துவிட்டாய். அந்த மீட்டிங் நாசமாய்ப் போக.

நானும் யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான், சின்ன வயதிலிருந்தே நான் கேள்வி கேட்டுத் துளைக்கிறவன்தானே? மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் நுரை என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் "எதுக்கு இவ்வளவு சோப்பு?" என்று கேட்டேன். மனிதர் ரோஷக்காரர், ஒரேயடியாகக் குறைத்துவிட்டார். அன்றைக்கு வெளியே வந்த துண்டெல்லாம் மழை மேகம் மாதிரி இருந்தது, அத்தனையையும் திரும்பத் துவைத்துவிட்டு மடிப்பு மேசைக்குப் போனால் அங்கே ஒரே சிரிப்பு, "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன், சிரிப்பு நின்றது, கூடவே கையும் நின்றது, ஏனென்றால் அந்தப் பெண்கள் பேச்சு போகிற போக்கில்தான் போர்வை மடிப்பார்களாம், எனக்கு யார் சொன்னார்கள்? வேன் டிரைவரிடம் "எந்த வழியா போனீங்க, ஏன் லேட்?" என்று கேட்டேன். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி "சார், இடது பக்கம் திரும்பட்டுமா?" என்று போன் செய்கிறார். நான் குளியலறையில் இருந்துகொண்டு லெஃப்ட், ரைட் சொல்கிறேன். உன் அண்ணி கதவைத் தட்டி, "உள்ளே யாரை ஓட்டிட்டுப் போறீங்க?" என்கிறாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். இஸ்திரி அக்கா விஷயத்தைக் கேள். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார், யார் மூத்தவர் என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. பெரிய ஹோட்டலின் மேசை விரிப்புகள் முழுக்க அவர் கைவேலை. அவர் தேய்த்தால்தான் அந்த ஹோட்டல், அந்த ஹோட்டல் இருந்தால்தான் எங்கள் கூடம். அவர் அடிக்கடி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவதைப் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். பலம் விடுகிறதா? "வேலை நேரத்துல வாசல்ல என்ன வேலை?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன். அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை அணைத்தார். "வெள்ளிக்கிழமையோட நான் நின்னுக்கறேன் சார்" என்றார். அண்ணா போய் சார் வந்துவிட்டது, கவனித்தாயா? எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவரே சொன்னார்: "மேசைக்கு மேல இருக்கிற லைட்டு மங்கிப்போச்சு. வெள்ளைத் துணியில கறை இருக்கா இல்லையான்னு வாசல் வெளிச்சத்துக்குப் போனாத்தான் தெரியுது. துணி பிரிச்சுக்கிட்டு இருந்தப்ப, யார் என்ன சொன்னாலும் கேப்பீங்க. இப்பக் கேள்விதான் கேக்கறீங்க."

அடியே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சொன்னது காதால் கேட்பது! நான் வாயால் கேட்டுத் தொலைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் உன் மீட்டிங் ஓடியா போயிருக்கும்? உடனே பக்கத்துக் கடையில் ஏணி கேட்டு வாங்கிவந்து, நானே ஏறி லைட்டை மாற்றினேன். நுரை சொன்னதைக் கேட்டேன், மடிப்பு மேசைச் சிரிப்பைக் கேட்டேன், டிரைவருக்கும் அவர் மாமியாருக்கும் உள்ள தகராறு முழுவதையும் கேட்டேன். எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள். அக்கா மட்டும், "லைட்டு நல்லா இருக்கு சார். ஆனா வேற இடத்துல வர்றேன்னு சொல்லிட்டேனே" என்கிறார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவர் போனால் ஹோட்டல் போகும், ஹோட்டல் போனால் இத்தனை பேரும் எங்கே போவார்கள்? அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக்கே மேனேஜர் வேலையை விட்டுவிட்டுத் துணி பிரிக்கவே போகிறேன். எனக்கு ஒரு பலமும் இல்லை, அது என் வயிற்றெரிச்சல். நீ இனிமேல் யாருக்கும் போனில் பாதி வாக்கியம் சொல்லிக்கொடுக்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன்மேல் கோபம் கோபம்தான், ஆனாலும் நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட அண்ணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீயே போன் செய்துவிட்டாய். நடந்ததைச் சொன்னால், நீ சொன்னது இந்த இரண்டுமே இல்லையாம்! "உதவி கேக்கிறதைச் சொன்னேண்ணா! எதிர்வீட்டுல, பக்கத்துவீட்டுல வெட்கப்படாம போய் ஏணி கேட்டு வாங்கிட்டு வருவியே, அது நம்ம வீட்டுல வேற யாருக்கு வரும்?" என்கிறாய். இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தார். என் ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. "அக்கா, இந்த வேலை எனக்குத் தெரியல. நீங்க கூட இருந்து சொல்லிக்குடுத்தாத்தான் முடியும். போகாதீங்கக்கா, கேட்டுக்கறேன்" என்றேன். அக்கா பையைக் கீழே வைத்தார். "இதை முதல்லயே கேட்டிருக்கக் கூடாதாண்ணா? அவங்களுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்" என்றார்.

ஆகவே மேலே உள்ளது எதையும் படிக்காதே. படித்துவிட்டாய் என்றால், மன்னிப்புக் கேட்கிறேன். இது எந்தக் கேட்பது என்று மட்டும் கேட்காதே.