பீரோவுக்குள் ஒரு கிட்டார்

இந்த வருஷம் கிளி விரட்டப் போவதில்லை. செத்தாலும் போவதில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பிரான்சிஸ் இந்த முடிவை எடுத்துவிட்டான். வாயில் நுரை இருந்ததால் ஜெசிந்தாவிடம் உடனே சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டான், அது வேறு விஷயம்.

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பெண் எடுத்தவனுக்கு ஒரு கடமை உண்டு. பழம் கறுத்து இனிப்பு ஏறியதும் பச்சைக்கிளிகள் பட்டாளமாக வந்து இறங்கும். பழத்தை வெட்டி லாரியில் ஏற்றும் வரை, விடிந்ததும் பந்தலுக்கடியில் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு "ஹோய், ஹோய்" என்று கத்தியபடி நடக்க வேண்டும். மாமனார் இன்னாசி இந்த வேலைக்கு ஆள் வைப்பதில்லை. "மாப்ள சத்தத்துக்குத்தான் கிளி பயப்படுது" என்பார். கல்யாணமான நாளிலிருந்து பிரான்சிஸ் இதைப் பாராட்டு என்று நம்பி ஏமாந்து வந்திருக்கிறான்.

இந்த வருஷம் ஏமாற நேரமில்லை. காரணம், ஹெவி மெட்டல்.

உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற, ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குப் பவ்யமாகக் கிட்டார் வாசிக்கிற பிரான்சிஸுக்குள் இன்னொரு பிரான்சிஸ் இருந்தான். அவன் மதுரையில் படித்தபோது தோள் வரை முடி வளர்த்துக்கொண்டு, மேடையில் தலையைச் சுழற்றிச் சுழற்றிக் கிட்டாரை அலறவிட்டவன். முடி போய்விட்டது. ஆசை போகவில்லை. அந்தக் காலத்தில் அவனோடு டிரம்ஸ் அடித்த கோட்டைச்சாமி முந்தின ராத்திரி கோயமுத்தூரிலிருந்து போன் செய்திருந்தான்.

"மாப்ள, நம்ம பழைய பாட்ட ரெக்கார்டு பண்ணி வெளிய விடப்போறேன். டிரம்ஸ் ரெடி. உன் கிட்டார் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"ஸ்டுடியோவுக்கெல்லாம் எங்கடா போவேன்?"

"வீட்டுலயே வாசிச்சு அனுப்பு. வரலைன்னா கம்ப்யூட்டரை வாசிக்க வச்சிருவேன்."

கம்ப்யூட்டரா! தான் விரல் தேயத் தேயப் போட்ட மெட்டை ஒரு பெட்டி வாசிப்பதா! அந்தப் பேச்சு பிரான்சிஸுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. வாசித்தே ஆக வேண்டும். அதற்குக் காலை நேரம் வேண்டும், காலி வீடு வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அப்படியே பாதி மடங்கி நின்றான்.

"ஜெசி..."

"என்னங்க?"

"இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. நிமிர முடியல."

"அய்யய்யோ. எப்ப?"

"பல் விளக்கையில."

"பல்லு விளக்குனா இடுப்பா பிடிக்கும்?"

"குனிஞ்சுல்ல துப்பணும்!"

ஜெசிந்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "பாவம், படுங்க. தோட்டத்துக்கு நான் போய்க்கிறேன்" என்றாள். தைலம் தேய்த்துவிட்டாள். இடுப்பில் துண்டைக் கட்டிவிட்டாள். சூடாகக் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்குத் தொண்டை அடைத்தது. வாசல் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் அடைப்பு சரியாகிவிட்டது.

துள்ளி எழுந்தான். கட்டிலுக்கடியிலிருந்து எலக்ட்ரிக் கிட்டாரையும், அதன் சத்தம் வெளியே வருகிற ஆம்ப் பெட்டியையும் இழுத்தான். இந்த வகைக் கிட்டார் மெதுவாக வாசித்தால் கொசு மாதிரி இருக்கும். கரகரவென்று உறும வேண்டுமானால் பெட்டியைத் திருகி வைக்க வேண்டும். திருகி வைத்தால் பக்கத்து வீட்டு சுகிர்தம் அக்காவுக்கு பிரஷர் ஏறும். ஸ்டுடியோக்காரர்கள் சத்தம் வெளியே போகாமலிருக்க அறை முழுக்கப் பஞ்சு ஒட்டுவார்களாம். பஞ்சுக்கு எங்கே போவது?

பீரோவைத் திறந்தான். ஜெசிந்தாவின் சேலைகள். பட்டு, பருத்தி, பூனம், சின்னாளபட்டி. மேலிருந்து கீழ்வரை இடைவெளியில்லாமல் அடுக்கி, எந்தச் சத்தத்தையும் விழுங்கக் காத்திருந்தன. அட, ஸ்டுடியோவைக் கல்யாணச் சீராகவே கொடுத்துவிட்டாரே மாமனார்!

கீழ்த் தட்டில் பெட்டியை வைத்தான். 'ரிப்பேர் பார்த்துத் தருகிறேன்' என்று கோயிலிலிருந்து வாங்கிவந்த பழைய மைக்கை ஜெசிந்தாவின் பாவாடை நாடாவால் மோர் கடைகிற மத்தில் கட்டி, பெட்டியின் வாய்க்கு நேராக நிறுத்தினான். கல்யாணப் பட்டைச் சுற்றிலும் செருகினான். வயரைக் கதவிடுக்கில் வெளியே விட்டு லேப்டாப்பில் செருகி, கதவைச் சாத்தி, மேலே ரெண்டு ஜமுக்காளத்தைப் போர்த்தினான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்பியில் கை வைத்தான்.

ஜுகு ஜுகு ஜுகு ஜுகு ஜங்!

பீரோ குலுங்கியது. ஆகா, என்ன சத்தம்! மதுரைப் பிரான்சிஸ் பிறந்துவிட்டான். அவன் காலை அகட்டி நின்று, தலையை முன்னும் பின்னும் வீசினான். வாசித்து முடித்துக் கேட்டுப் பார்த்தால், கிட்டாரோடு 'கிணிகிணி' என்று ஏதோ கூடவே வந்தது. அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களெல்லாம் ஒன்றோடொன்று இடித்து ஆடியிருக்கின்றன. ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் ஒரு துணியைத் திணித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது சுற்றுச்சுவருக்கு மேல் சுகிர்தம் அக்காவின் தலை தெரிந்தது.

"தம்பி, வீட்டுக்குள்ள மாவு மில்லு எதும் போட்டிருக்கீகளா?"

"இல்லக்கா, ஃபிரிட்ஜ் பழசு."

ஜெசிந்தா திரும்பி வந்தபோது அவன் படுக்கையில் முனகிக்கொண்டிருந்தான். அவள் நேராக அடுப்படிக்குப் போனாள்.

"என்னங்க, டம்ளருக்குள்ள எதுக்கு கர்ச்சீப் இருக்கு?"

"பல்லி விழுந்துரக் கூடாதுல்ல."

"என் பாவாடை நாடாவுல மத்து தொங்குது?"

"அது... காயப் போட்டேன்."

"இடுப்பு வலியோட வீட்டு வேலையெல்லாம் செஞ்சிருக்கீக" என்று உருகினாள் ஜெசிந்தா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி அடித்தாள்.

இந்த வாசிப்பில் ஒரு தொல்லை உண்டு. ஒரே மெட்டை ரெண்டு தடவை, கொஞ்சமும் பிசகாமல் வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் இன்னொன்றை வலது காதுக்குமாக வைக்க வேண்டும். அப்போதுதான் சத்தம் சுவர் மாதிரி நிற்கும். மறுநாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தவனிடம் ஜெசிந்தா தைலத்தோடு வந்து, "இப்ப எப்பிடி இருக்கு?" என்றாள்.

"இடது பக்கம் முடிஞ்சுச்சு. வலது பக்கம் நாளைக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பக்கம் பக்கமாப் போகுதாக்கும்" என்றாள் ஜெசிந்தா. "அவசரப்படாதீக. நல்லா முடிச்சுட்டே எந்திரிங்க."

வெள்ளிக்கிழமை காலை முடித்து அனுப்பிவிட்டான். சாயங்காலமே கோட்டைச்சாமி கத்தினான். "மாப்ள! எந்த ஸ்டுடியோடா? என்னா கனம்! இனி கம்ப்யூட்டராவது மண்ணாவது!" பிரான்சிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைகளை ஒவ்வொன்றாக முத்தம் கொடுத்து மடித்து வைத்தான்.

சனிக்கிழமை விடியலில் ஒரு சத்தத்துக்கு முழிப்பு வந்தது. ஜுகு ஜுகு ஜுகு ஜுகு ஜங்! கனவு என்று புரண்டு படுத்தான். மறுபடி ஜங்! பக்கத்தில் ஜெசிந்தா இல்லை. சத்தம் மாமனார் தோட்டத்திலிருந்து வந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் வரப்பில் ஓட்டமாக ஓடினான்.

பந்தல் காலில் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட நாய் குரைக்கிற சத்தம் ஓடவிட, இன்னாசி வாங்கி வைத்தது. அதிலிருந்து பிரான்சிஸின் கிட்டார் பள்ளத்தாக்கே அதிர உறுமிக்கொண்டிருந்தது. ஒரு கிளி இல்லை.

"வாங்க மாப்ள!" என்றார் இன்னாசி, பூரித்துப்போய். "நாய் குரைச்சா அசையாத கிளி, இதக் கேட்டதும் அப்பிடியே எந்திரிச்சு பக்கத்துல ஒச்சாண்டி தோட்டத்துக்குப் போயிருச்சு!"

ஜெசிந்தா அவன் காலைப் பார்த்தாள். "ஓடியா வந்தீக?"

பிரான்சிஸின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அத விடுங்க. மொத நாளே தெரியும். டின்ன மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தா, இல்லாத முடிய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறீக."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"எம்புட்டு சந்தோசமா இருந்தீக தெரியுமா? கல்யாணத்துல கூட அப்பிடிச் சிரிக்கல. சரி, முடிக்கட்டும்னு விட்டேன்."

"பாட்டு எப்பிடி இங்கன வந்துச்சு?"

"பென் டிரைவ்ல ஏத்துனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பொண்டாட்டிக்கு இது கூடவா தெரியாது?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் தன் வாசிப்பை இவ்வளவு சத்தமாக வேறு யாரும் போட்டதில்லை. அங்கேயே நின்று முழுசாக ஒரு தடவை கேட்டான். ரெக்கார்டு இருக்கிறது, இனி டின்னும் வேண்டாம், ஹோய் ஹோயும் வேண்டாம் என்று எண்ணியபோது மனசு நிறைந்துபோனது.

கிளி புத்திசாலிப் பிறவி. அடுத்த வாரமே ஒரு கிளி அந்த ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து பழம் தின்றது. இன்னாசி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெக்கார்டு பழகிப்போச்சு மாப்ள. ஆள் நின்னாத்தான் பயப்படும்."

"அதுக்கென்னப்பா" என்றாள் ஜெசிந்தா. "மோட்டார் ரூம்ல பிளக் இருக்குல்ல?"

மறுநாள் விடிந்தபோது பிரான்சிஸ் பந்தலுக்கடியில், கழுத்தில் கிட்டாரோடும் இடுப்பில் ஜெசிந்தா கட்டிவிட்ட துண்டோடும் நின்றான். ஆம்ப் பெட்டி வரப்பு மேல் இருந்தது. காலை அகட்டி, கண்ணை மூடி, தலையை வீசி, உயிரைக் கொடுத்து வாசித்தான். கடைசி ஜங் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கைதட்டலுக்காகக் காத்திருந்து, மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

காப்பி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள்.

"வலது பக்கம் முடிஞ்சுச்சு. இடது பக்கம் கிளி அப்பிடியே உக்காந்திருக்கு, அங்கன போயி வாசிங்க."