உன் மகள் என் அட்மின் பதவியைப் பறித்த கதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே அனைத்தும் நலம். அங்கே மாப்பிள்ளையின் முழங்கால் உட்பட எல்லாமே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் மகள் எங்கள் ரத்த வங்கிக்கே கணினி அதிகாரியாக வந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் இரண்டு சலுகையாவது கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். வந்த முதல் வாரமே இருந்ததையும் பிடுங்கிக்கொண்டாள். எங்கள் பதிவறையில் ஏழு கணினிகள். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் உள்ள சாஃப்ட்வேர், அட்மினாக நுழைந்தால்தான் திறக்கும் என்று பழைய அதிகாரி ஏழு பேருக்கும் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருந்தார். ஆக, ஏழு பேரும் ராஜா. ஒருவர் சீட்டாட்டம் ஏற்றினார், நான் மீன்கள் நீந்தும் திரை ஒன்றை ஏற்றினேன், மீனோடு வந்த ஏதோ வைரஸ் பட்டியலில் பாதியைத் தின்றுவிட்டது. உன் மகள் பழைய பிரதியிலிருந்து அதை மீட்டாள். கையோடு எல்லாருடைய அட்மின் உரிமையையும் ரத்து செய்தாள்.

"மாமாவுக்குமா?" என்றேன்.

"மாமாவுக்குத்தான் முதல்ல."

மறுநாள் காலை எந்த மேசையிலும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை, அனுமதி இல்லையாம். அந்த நேரம் பார்த்துப் பிரசவ அறை டாக்டரம்மாவிடமிருந்து போன்: அபூர்வ வகை ரத்தம், உடனே வேண்டும். "தாயே, அந்த அட்மினைத் திருப்பிக் குடுத்துடும்மா!" என்று கத்தினேன். அவள் தன் கணினியில் பட்டியலைத் திறந்து, மூன்று எண்களை எழுதி என் கையில் திணித்தாள்.

"முதல்ல போன் பண்ணுங்க மாமா. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

இரண்டாவது எண் ஒரு பஸ் டிரைவர். மாற்று ஆளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுச் சீருடையோடு ஓடி வந்தார். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

பிறகுதான் உன் மகள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாஃப்ட்வேர் எங்கே முட்டி நிற்கிறது என்று வரி வரியாகத் தேடினாள். விஷயம் இவ்வளவுதான்: அது ஒரே ஒரு ஃபோல்டரில் எழுதப் பார்க்கிறது, சாதாரண ஆளுக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. 'பதிவறை' என்று ஒரு குழு அமைத்து, எங்களை அதில் சேர்த்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். சட்டென்று திறந்துகொண்டது!

"ஒரு ரூம்ல வேலை பாக்கறவங்களுக்கு அந்த ரூம் சாவி போதும் மாமா. கட்டடத்துச் சாவிக்கொத்து எதுக்கு?"

சாப்பிடக்கூடப் போகாமல் ஏழு மேசையையும் முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாகச் சாவிக்கொத்தைத்தான் பதவி என்று நினைத்திருந்தேனே! இனி யார் கெஞ்சிக் கொடுத்தாலும் அட்மின் உரிமையைத் தொடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இப்படி ஒருத்தியைப் பெற்ற உனக்கு என் ஆசிகள் அத்தனையும்.

உன் அண்ணன்

பி.கு.: உன் மகள் மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள். அவசரத்துக்கென்று அட்மின் பாஸ்வேர்டை உறையிலிட்டு ஒட்டி, என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரிண்டரைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம் என்ற நல்ல எண்ணத்தில் உறையைப் பிரித்தேன். என் கணினி இப்போது எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. நான் இன்னொன்றில் கைவைக்குமுன் பக்கத்து மேசைத் தட்டச்சு அம்மா உறையைப் பிடுங்கிவிட்டதால் மற்ற ஆறும் ஓடுகின்றன. நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. பெற்ற தாயைத் திட்டமாட்டாள்.