அசரியா சம்சாரம் கைவேலை

கண்ணாடி அலமாரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து வீட்டுக்கு ஒருவர் அகப்படுவார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் வர நேரமாகும்; அலமாரிச் சாவி உடனே வரும்.

செம்பாக்கம் சத்தியநாதன் இதில் உயர்ந்த ரகம். நெருப்புக்கோழி முட்டை, எருசலேம் கல், மான்கொம்பு, புட்டிக்குள் கப்பல், இவற்றுக்கு நடுவே அவருடைய புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குக் குடும்பத்துப் பெண்கள் தைத்துக் கொண்டுவந்த தலையணை உறை, மேஜைவிரிப்பு எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அட்டை எழுதி ஒட்டியிருந்தார். 'தம்பி அசரியா சம்சாரம் கைவேலை, 1961.' 'மச்சான் தனசிங் மூத்த மகள் கைவேலை.' முட்டைக்கு மட்டும் அதை இட்ட பறவையின் பெயர் இருந்தது. தைத்தவள் இறந்துபோனால் அவள் துணி மேல்தட்டுக்கு ஏறும். இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்?

அம்மாவை அடக்கம் செய்த பதினைந்தாம் நாள் அசரியாவின் மகள் ஹில்டா வந்தாள். டிராயிங் ஆபீஸில் டிரேசர்; வரைபடங்களை நகலெடுக்கும் வேலை. வரைந்தவர் பெயரில்லாத வரைபடம் அவள் ஆபீஸ் கதவைத் தாண்டாது. அம்மா தைத்ததில் மிஞ்சியது இங்கே இருக்கும் தலையணை உறை ஒன்றுதான். அது அதற்குள் மேல்தட்டுக்குப் போயிருந்தது.

அதைக் கேட்டாள். கலெக்‌ஷன் கெட்டுப்போகும் என்றார் சத்தியநாதன். வரிசையில் ஓட்டை விழும் என்றார். பிறகு கனிவாகச் சொன்னார்: "இங்க நாலு பேர் பாக்கறாங்கம்மா. உங்க வீட்ல இத யாரு பாப்பாங்க?"

"நான்தான் பெரியப்பா. இத தெச்சது யாரு?"

"ஏன், உங்கம்மாதான்."

"பேரு?"

அவர் அட்டையைப் பார்த்தார். அட்டை உதவவில்லை. அடக்கத்தின்போது பாதிரியார் மூன்று முறை சொன்ன பெயர்தான். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"புஷ்பம்," என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி.

ஹில்டா சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவர் தடுக்கவில்லை. துணியின் மறுபுறத்திலும் ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

காலிச் சட்டத்தை அவர் மறுபடி மேல்தட்டில் நிறுத்தினார். அட்டையில் பெயரைச் சேர்த்தார் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு வரி சேர்த்தார்: 'இரவல் போயிருக்கிறது.'

சிரிக்காதீர்கள். உங்கள் கூடத்திலும் கிளிப் படம் தைத்த துணி ஒன்று கண்ணாடிக்குள் தொங்குகிறது. தைத்தது யார்? 'எங்க சித்தி' என்பது பெயரல்ல.